எழுபத்தேழு பவுண்

சல்தீன் முதலில் எடுத்து வைத்தது
மடித்த கைக்குட்டை அளவுதான்.
உள்ளங்கையில் ஏந்தினேன். நாற்பத்தேழு பவுண்,
கூடினால் நாற்பத்தெட்டு.
செட்டியார்தெருவில் முப்பது வருஷம்
அடகுக்கு வந்த தாலிக்கொடிகளை நிறுத்த கை இது;
தராசு பிறகுதான் சொல்லும்.

"பொம்பிளையள் இதைத்தான் கேட்பாங்க, மெடம்.
பையில கிடக்கிறதே தெரியாது.
சுட்டால் தெரியும்."
சிரிக்காமல் சொன்னார்.
பாரம் குறைந்தால் உதை கூடுமாம்.
மெல்லிசாய் இருப்பதெல்லாம்
தன் மேல் விழுந்ததை அப்படியே
பிடித்திருக்கும் கைக்குக் கடத்திவிடும்.

என் வலது மணிக்கட்டில் ஒரு தகடு, நாலு ஆணி.
வெள்ளவத்தை லொட்ஜ் மாடிப்படியில்,
கரண்ட் இல்லாத ஓர் இரவு,
கீழே பூட்ஸ் சத்தம் கேட்டு
பொலிஸ் பதிவுத் துண்டோடு ஓடி வந்து
விழுந்ததில் கிடைத்த சொத்து.
அதற்குப் பிறகு பதினொரு வருஷம்
எந்தச் சோதனைச்சாவடியிலும்
அந்தக் கருவி என் கையைக் கண்டால் கத்தும்.
சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டுவேன்.
ஒருத்தி, இருபது வயதிருக்கும்,
பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு
"ரிதெனவத?" என்றாள்.
நோகுதா என்கிறாள்.
எது சரியான விடையென்று தெரியாமல்
இல்லை என்றேன். பிறகு ஓம் என்றேன்.

இப்போது சல்தீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அதே மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்.
முப்பத்தெட்டு வேண்டாம், முப்பத்திரண்டு போதும்.
முழுக்க உருக்கு.
றப்பர்ப் பிடி, சின்னிவிரலுக்கும் இடம் விட்டது.
சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும்,
சேலையில் மாட்டாது.
வெறுமனே ஒருக்கால் இழுக்கச் சொன்னார்.
பழைய தண்ணீர்ப் பைப் மாதிரி
பாதியில் ஓரிடத்தில் அடம்பிடித்து
டக் என்று விட்டது விசை.
சுவர்க் கலண்டரில் ஏதோ வங்கியின் யானை.
அதன் காதுக்குக் குறி வைத்திருந்தேன் போல.

"எத்தனை பவுண், மெடம்?"
எழுபத்தேழு.
தராசில் வைத்தார், எட்டால் பிரித்தார்,
ஒன்றும் பேசாமல்
இரண்டு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டார்.

கமரா பூட்டுங்கோ அக்கா என்றான் தம்பி,
கனடாவில் இருந்து.
பூட்டினேன்.
பக்கத்துக் கடை ஜெகசோதியிடமும் நாலு கமரா இருந்தது.
ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் போன பிறகு
அவர் ஷட்டரடியில் மடிந்து இருப்பதை
நாலு பக்கத்தில் இருந்தும் பார்த்தோம்.

ஐந்து மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது.
சிங்களத்தில்தான்.
வாசித்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.
விண்ணப்பதாரியின் உயிருக்கு ஆபத்து உண்டென்பதில்
திருப்தியடைகிறோம்.
அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு தரம் வாசித்தேன்.
முன்பு நான் சொன்னபோதெல்லாம்
அவர்கள் திருப்தியடையவில்லை.

கொம்பனித்தெருவில் இருந்து ஓட்டோ.
பை மடியில்.
கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பொலிஸ்காரன் கை காட்ட
டிரைவர் லைசன்ஸைத் தேடினான்.
என் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை.
ஆனாலும் கை தன்பாட்டில் போய்
சிப்பைத் திறந்து
பையை விரித்துப் பிடித்திருந்தது,
பாருங்கோ, ஒன்றுமில்லை என்கிற மாதிரி.

இருந்தது.

மெதுவாக மூடினேன்.
"போவமா நோனா?"
கடற்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது;
மழைக்கு முன் வழக்கம்போல
தகடு உளையத் தொடங்கியது.
ரவைக்கு வேறொரு கடிதம் வேணுமாம்.
வியாழக்கிழமை வரச் சொன்னார்.